கச்சான் வீசும்போது ஒரு சட்டித் தண்ணீர்

திருகோணமலை வளவுகளில் பறவைக்குச் சாப்பாடு வைப்பது புதிய பழக்கம் இல்லை. புரட்டாதிச் சனிக்கு எள்ளுச்சோறு, ஆடி அமாவாசைக்குப் படையல், மற்ற நாட்களில் சோறு வடித்ததும் ஒரு பிடி. ஆனால் அதைச் சாப்பிட வருவது காகம், பின்னால் மைனா, அதோடு சரி. தேன்சிட்டு, கொண்டைக்குருவி, புலுனி, குக்குறுவான், மாங்குயில், மரங்கொத்தி எல்லாம் அதே வேலிக்கு அப்பால் திரிந்தாலும் உள்ளே வராது. அவை வரவும், வந்தவை நோய்ப்படாமல் போகவும் என்ன செய்யலாம் என்பதே இந்தக் குறிப்பு.

பனி கொட்டும் நாடுகளில் எழுதிய குறிப்புகளை வாசித்துவிட்டு மாரிகாலத்தில் தட்டு நிறைய உணவு வைப்பவர்கள் உண்டு. எங்கள் ஊரின் கணக்கு வேறு. இங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்த்துவிடும். அப்போது புல், புழு, பூச்சி எதற்கும் குறைவில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கிறதே, குளங்கள் வெடித்து, புல் கருகி, முற்றத்து மணல் காலைச் சுடுகிறதே, அதுதான் பறவைகளின் கஷ்டகாலம். அந்த நாட்களில் அவற்றுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். உணவுத்தட்டு வைக்க வசதி இல்லாதவர் அதை விட்டுவிடலாம். தண்ணீர்ச் சட்டியை விடவேண்டாம்.

தண்ணீர்

வாய் அகன்ற மண்சட்டிதான் நல்லது. குறுக்களவு 12 முதல் 16 அங்குலம் வரை இருக்கட்டும். ஓரத்தில் அரை அங்குலமும் நடுவில் கூடினால் 2 அங்குலமும் தண்ணீர் நின்றால் போதும். ஆழம் கூடினால் சிட்டும் தேன்சிட்டும் இறங்கிக் குளிக்காது, குஞ்சு விழுந்தால் ஏறவும் முடியாது. சட்டி ஆழமாக இருந்தால் ஓர் ஓரமாகக் கல் அடுக்கிச் சரிவு செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் பேசினில் கால் வழுக்கும், வெயிலில் தண்ணீரும் கொதித்துப்போகும். மண்சட்டி கசிந்து கசிந்து தன்னைத்தானே குளிர்த்திக்கொள்ளும்.

இடம் முக்கியம். மதிய நிழல் விழவேண்டும். சுற்றிவர 6 அடியாவது வெட்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பூனை செடிக்குப் பின்னால் பதுங்கிவிடும். ஆனால் 10 அடிக்குள் ஏறி ஒளிய ஒரு கிளையும் வேண்டும். நனைந்த இறகோடு தொலைதூரம் பறக்கும் குருவி பருந்துக்கு இலகுவான இரை. சமையலறை வாசலில் இருந்து 15 அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். கச்சான் காலத்தில் தண்ணீர் தேடி நாகமும் வரும், உடும்பும் வரும். வருவதில் தவறில்லை, வாசலுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.

தண்ணீர் விடுவது காலை ஆறரைக்கு ஒரு தடவை, மதியம் ஒரு மணிபோல் இன்னொரு தடவை. காற்று அடிக்கும் நாளில் ஒன்றரை லீற்றர் மத்தியானத்துக்குள் வற்றிவிடும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் கடலோரக் கிணறுகள் கோடை முற்ற முற்ற உவர்க்கும். வாயில் வைத்து உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரை ஊற்றவேண்டாம். கடற்பறவைக்கு உப்பை வெளியேற்றச் சுரப்பி இருக்கிறது, சிட்டுக்குருவிக்கு இல்லை.

காலையில் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. தும்பால் சட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடந்து, அடுத்த நனைவில் பொரிக்கும். முட்டையில் இருந்து நுளம்பாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. தினமும் தேய்க்க முடியாதவர்கள் சட்டி வைக்கவேண்டாம். ஊருக்குப் போகும் நாட்களில் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

வைத்த முதல் கிழமை ஒன்றும் வராமல் இருக்கலாம். பெரும்பாலும் முதலில் வருவது புலுனிதான். ஏழெட்டாகக் கூட்டமாக வரும், கத்திக்கொண்டே வரும். கொஞ்சம் பொறுமையாக இருந்து பாருங்கள்: ஆறு பேர் சட்டியைச் சுற்றி இறங்கித் தள்ளுப்படும்போது ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் தனியே நிற்கும். வெளிறிய கண், மஞ்சள் அலகு, தலை இந்தப்பக்கம் அந்தப்பக்கம். அது காவல். பிறகு அது இறங்க இன்னொன்று ஏறும். அந்தக் காவற்குருவி கீச்சிட்டால் ஆறும் ஒரே நேரத்தில் செடிக்குள் பாயும், ஒரு நொடி கழித்து வைரியின் நிழல் முற்றத்தைக் கடக்கும்.

தட்டு

12 அங்குலத்துக்கு 18 அங்குலப் பலகை, சுற்றிவர ஓர் அங்குல விளிம்பு, நான்கு மூலையிலும் தண்ணீர் வடிய வெட்டு. பலகைக்குப் பதில் சட்டத்தில் நுண்கம்பி வலை அடித்தால் இன்னும் நல்லது, ஈரம் தங்காது. இரண்டு அங்குலப் பிவிசி குழாயை ஒன்றரை அடி புதைத்து, மேலே 5 அடி நிற்கவிட்டு அதன் தலையில் தட்டைப் பொருத்துங்கள். குழாய்க்குள் மணலும் சீமெந்தும் கலந்து கொட்டினால் கச்சானில் ஆடாது. அணில் ஏறாமல் இருக்க, தட்டுக்கு ஓர் அடி கீழே, தகரத்தைப் புனல்போல் சுருட்டிக் கவிழ்த்துக் கட்டுங்கள். கிளையோ கூரையோ 8 அடிக்குள் இருந்தால் அந்தத் தகரம் வீண். அணில் ஏறாது, பாயும். அணிலோடு சண்டை பிடிப்பதைவிட அதற்கென்று ஒரு பாதித் தேங்காயை வேறு மரத்தில் கட்டிவிடுவது நிம்மதி.

எறும்பு இன்னொரு தொல்லை. அலுமாரிக் காலுக்குத் தண்ணீர்ப் பேணி வைப்பதுபோல் கம்பத்தின் அடியிலும் வைக்கலாம். தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துவிடுங்கள். எறும்பும் கடக்காது, நுளம்புக்குடம்பியும் தங்காது. கிறீஸ் பூசுவது பிழை. அது இறகில் ஒட்டினால் போகாது.

தானியக் கலவை இப்படி: அரிசிக் குருணல் 2 பங்கு, குரக்கன் ஒரு பங்கு, சாமை அல்லது தினை ஒரு பங்கு. தொடக்கத்தில் நாளுக்கு 50 கிராம், அதாவது இரண்டு பிடி. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தால் அளவு சரி. மீதி கிடந்தால் மறுநாள் குறையுங்கள். சிட்டுக்குருவி, தினைக்குருவி, மணிப்புறா மூன்றும் இதற்கு வரும். வண்டு விழுந்த அரிசி பரவாயில்லை, வண்டும் தீன்தான். பூஞ்சணம் பிடித்தது கூடவே கூடாது. விதைப்புக்கு மருந்து கலந்த நெல்லைத் தவறியும் போட்டுவிடாதீர்கள். கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் வயல்வீடுகளில் கலந்து மிஞ்சிய விதைநெல் மூலையில் கிடப்பது சாதாரணம். அது நஞ்சு. பச்சை அரிசி வயிற்றில் ஊதிப் பறவை வெடித்துவிடும் என்ற கதையை மட்டும் நம்பவேண்டாம். வயலில் அவை தின்பது வேறு என்ன?

பழத்துக்கு வேறு இடம். கொய்யா அல்லது முருங்கைக் கிளையில் ஆணி அடித்து, பாதி பிளந்த வாழைப்பழத்தையோ ஒரு கீற்றுப் பப்பாசியையோ குத்திவிடுங்கள். கொண்டைக்குருவி, குக்குறுவான், குயில், மாங்குயில் வரும். மாலையில் மிச்சத்தை எடுத்து எறியவேண்டும். இரவில் கிடந்தால் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் வரும், மரநாய் பிறகு வீட்டுக் கூரையைத் தங்குமடம் ஆக்கிவிடும்.

பாண் வேண்டாம். வயிறு நிரம்பும், சத்து இல்லை, ஈரப்பட்டால் பூஞ்சணம். கறி ஊற்றிய சோறு, முறுக்கு, மிக்சர், உப்புக் கச்சான்கடலை, பால் எதுவும் வேண்டாம். சோறு வைப்பதென்றால் உப்பில்லாமல், ஒரு பிடி. எங்கள் வெயிலில் மூன்று நான்கு மணித்தியாலத்தில் அது புளித்துவிடும். தேன்சிட்டுக்குச் சீனித்தண்ணீர் கட்டும் பழக்கமும் பரவுகிறது. விட்டுவிடுங்கள். அது அரை நாளில் நொதிக்கும், எறும்பு மொய்க்கும். அதோடு தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது தேனை அல்ல, சிலந்தியையும் சிறு பூச்சியையும்தான். இரண்டு செவ்வரத்தையும் ஒரு வெட்சிப் பற்றையும் நட்டால் அதன் பாடு தீர்ந்தது.

காகம் தட்டை அபகரிக்கிறது என்பதுதான் அடிக்கடி வரும் முறைப்பாடு. பெரும்பாலும் தட்டில் சோறும் மீன்தலையும் போடுவதே காரணம். காகத்துக்கு வைப்பதை நிறுத்தத் தேவையில்லை. வளவின் மறு அந்தத்தில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். காகத்துக்கு மணி தெரியும். அது அங்கே நிற்கும் நேரத்தில் தட்டில் தானியத்தைப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு அங்குலக் கண் உள்ள கம்பி வலையைத் தட்டின்மேல் கூடாகக் கவிழ்க்கலாம். சிட்டு நுழையும், காகம் நுழையாது.

கிழமைக்கு ஒரு தடவை தட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு குளோரின் வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள். மைனா, புறாவின் முகத்திலோ காலிலோ பரு கண்டால் அது பெரும்பாலும் அம்மை. தட்டையும் சட்டியையும் இரண்டு கிழமைக்கு எடுத்துவிடுங்கள். கூட்டம் கலைந்தால்தான் தொற்றும் கலையும். ஒரே இடத்தில் பல காகங்கள் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

பொழுது சாயமுன் கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளுவதையும் பழக்கமாக்குங்கள். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் புடையன் வரும்.

சருகை எரிக்காதீர்கள்

புலுனி, செண்பகம், ஆறுமணிக்குருவி ஆகியவை பெரும்பாலும் தட்டுக்கு வராதவை. அவற்றின் சாப்பாடு சருகுக்கு அடியில் இருக்கிறது. காலையில் முற்றம் பெருக்கி, கூட்டியதை நெருப்பு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த நெருப்பில் கரப்பான், மரவட்டை, மண்புழு என்று பத்துப் பறவைக்கான சாப்பாடு போகிறது. முற்றத்தைத் தாராளமாகப் பெருக்குங்கள், ஆனால் சருகை வேலியின் தூரத்து மூலையில், வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, முழங்கால் உயரத்துக்கு மேற்படாமல் பரப்பிவிடுங்கள். பாம்புக்குப் பயந்தவர்கள் அந்த மூலைக்கு இருட்டில் போகாமல் இருந்தால் போதும்.

நட ஒரேயொரு மரத்துக்குத்தான் இடம் என்றால் ஜாம்பழ மரம். இரண்டு வருடத்தில் காய்க்கும், ஆண்டு முழுக்கப் பழுக்கும், கொண்டைக்குருவிக்கும் சிட்டுக்கும் குழந்தைகளுக்கும் பொது. இடம் தாராளமாக இருந்தால் வேம்பு, நாவல், இத்தி. பாலை மெதுவாகத்தான் வளரும், நடுபவர் பழம் தின்பது நிச்சயமில்லை. ஆனாலும் கோடையில் மற்ற மரம் எல்லாம் காய்ந்து நிற்க அது பழுத்துச் சொரியும்.

மாதங்கள் போகும் போக்கு

மாசி, பங்குனி கூடுகட்டும் காலத்தின் தொடக்கம். தேன்சிட்டின் கூடு உடுப்புக் காயப்போடும் கொடியிலேயே தொங்கலாம். முதலில் பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும்: சிலந்தி வலையால் கட்டிய சாண் நீளப் பை, வெளியே மரப்பட்டைத் துணுக்கும் காய்ந்த புழு எச்சமும் ஒட்டியிருக்கும், பக்கவாட்டில் ஒரு துவாரம், அதற்குமேல் மழை படாமல் குட்டித் தாழ்வாரம். கட்டத் தொடங்கியதில் இருந்து குஞ்சு பறக்க ஒன்றரை மாதமளவு பிடிக்கும். அதுவரை உடுப்பை வேறு கொடியில் போடுங்கள்.

சிட்டுக்குருவிக்கும் குண்டுக்கரிச்சானுக்கும் இடம் கொடுக்க விரும்பினால் இதுவே நேரம். சிறிய முட்டியின் பக்கத்தில் துளை போட்டு, வாயை மூடி, விறாந்தைக் கூரையின் கீழ் 8 அடி உயரத்தில் கட்டுங்கள். சிட்டுக்கு ஒன்றேகால் அங்குலத் துளை, கரிச்சானுக்கு 2 அங்குலம். துளை தென்கிழக்கைப் பார்க்கட்டும். வாடைமழை வடகிழக்கில் இருந்தும் கச்சானும் பின்னேர வெயிலும் மேற்கில் இருந்தும் வருவதால் அந்தத் திசைதான் தப்பும். மின்விசிறி சுற்றும் விறாந்தையில் கட்டவே வேண்டாம்.

சித்திரையில் குயில் கூவுவது எல்லோருக்கும் தெரியும். கூவுவது கருப்பு ஆண். பெண் புள்ளி போட்ட பழுப்பு நிறம், அது சத்தமில்லாமல் காகக் கூட்டைத் தேடித் திரியும். ஆனி, ஆடியில் காகம் தன் இனமே இல்லாத ஒரு குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அந்த மாதங்களில் வேலை தண்ணீர்தான், மேலே சொல்லியாயிற்று.

புரட்டாதியில் முதல் இடிமழைக்கு ஈசல் எழும். அன்று தட்டு வெறிச்சோடிக் கிடக்கும், கவலைப்படாதீர்கள். வீட்டு வெளிவிளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள், ஈசல் சுவரில் மோதிச் சாகாமல் பறவைக்குக் கிடைக்கட்டும். இதே நாட்களில் வேலிக் கம்பியில் இருந்து கரகரவென்று ஒரு குரல் கேட்டால் பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது. கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டி கட்டிய வடநாட்டு வரத்து. போன வருடம் நின்ற அதே வேலிக்கே திரும்பி வருவதுண்டு. அடுத்து தகைவிலான்கள், நீலவால் பஞ்சுருட்டான்கள். நாடாபோல் நீண்ட வெள்ளை வாலோடு ஈப்பிடிப்பான் ஒன்று வந்தால் அதுவும் வரத்துத்தான். எங்கள் காட்டிலேயே நிரந்தரமாக வாழும் இனத்தின் ஆண் செம்பழுப்பு.

கார்த்திகை, மார்கழியில் உணவைப் பாதியாகக் குறையுங்கள். தட்டுக்கு மேல் ஓர் அடி உயரத்தில் தகரமோ கிடுகோ போடுங்கள். நனைந்த குரக்கன் ஒரே இரவில் முளைக்கும், மறுநாள் நாறும். அடைமழை மூன்று நாள் நீடித்தால் அந்த மூன்று நாளும் தட்டு வெறுமையாகவே இருக்கட்டும்.

மானுக்கும் குரங்குக்கும்

புள்ளிமான் நகரத்துக்குள் திரிவது திருகோணமலையின் சிறப்பு. பிரட்ரிக் கோட்டைக்குள் மட்டும் இல்லை, வீதியிலும் வளவிலும் வந்து நிற்கும். அதன் வாயில் பாணையும் சோற்றையும் வைப்பது அன்பு என்று நினைக்கிறோம். அசைபோடும் மிருகத்தின் வயிற்றில் அவை திடீரென்று புளித்து அமிலமாகும், வயிறு உப்பி விழுந்துவிடும். அதைவிடக் கொடியது உப்பும் எண்ணெயும் பட்ட லஞ்ச் சீற், சோறு சுற்றும் பொலித்தீன் தாள். வாசனைக்காக அப்படியே விழுங்கும், வயிற்றில் பந்தாகச் சுருண்டு தங்கிவிடும். மானுக்குச் செய்யக்கூடியது மூன்று: குப்பை வாளிக்கு மூடி, கோடையில் படலையடியில் ஒரு தாழ்வான தொட்டித் தண்ணீர், கொம்பு சிக்கும்படி நைலோன் கயிறும் வலையும் தொங்கவிடாமல் இருப்பது.

குரங்குக்கு ஒரு தடவைகூடக் கொடுக்காதீர்கள். செங்குரங்கு தட்டைக் கண்டுபிடித்துவிட்டால் மூன்று கிழமைக்குத் தட்டையும் பழத்தையும் முற்றாக நிறுத்துவது ஒன்றே வழி. இடையில் ஒரு நாள் இரங்கினாலும் கணக்கு முதலில் இருந்து தொடங்கும். மொறவெவ, கந்தளாய்ப் பக்கம்போல யானை நடமாடும் இடங்களில் பழம் குத்துவதும் தானிய மூட்டையை வெளித்திண்ணையில் வைப்பதும் பறவைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. அங்கே தண்ணீர்ச் சட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறை

காலை ஆறில் இருந்து எட்டு, மாலை நாலரையில் இருந்து ஆறு. வெயில் உங்கள் முதுகில் விழும்படி, சட்டியில் இருந்து 15 அடி தள்ளி உட்காருங்கள். பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 என்று எழுதியது. எட்டு மடங்கு பெரிதாகும், 42 மில்லிமீற்றர் கண்ணாடி மங்கல் வெளிச்சத்துக்கும் தாங்கும். 12 மடங்கு வாங்கியவர்கள் கை நடுக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். கொப்பியில் திகதி, நேரம், காற்று, வகை, எண்ணிக்கை. இந்த ஐந்தும் ஒரு வருடம் சேர்ந்தால் அது உங்கள் வளவுக்கான பஞ்சாங்கம்.

மரங்கொத்தியின் முதுகை மட்டும் இங்கே கவனமாகப் பாருங்கள். யாழ்ப்பாணப் பக்கம் அது பொன் மஞ்சள், தெற்கே போனால் சிவப்பு. இரண்டும் கலக்கும் எல்லை எங்கள் பக்கத்தால் போகிறது. அதனால் செம்மஞ்சளாக இடைநிறத்தில் ஒன்று தென்னையைக் கொத்திக்கொண்டு நின்றால், கண்ணாடியைத் துடைக்கவேண்டாம், அது சரியான நிறம்தான்.

கீழே விழுந்து கிடந்தால்

இறகு முளைத்த குஞ்சு தரையில் நின்று கத்தினால் பெரும்பாலும் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை எட்டாத கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. காயப்பட்ட மானுக்கும் பெரிய பறவைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஐப்பசிக் காலையில் விறாந்தையில் ஒரு நிறக்குவியல் கிடக்கலாம்: பச்சை முதுகு, தோளில் மின்னும் நீலம், வாலடியில் சிவப்பு, கட்டை வால். அது ஆறுமணிக்குருவி. இரவிரவாகப் பறந்து வந்து விளக்கில் மயங்கிக் கண்ணாடியில் மோதியிருக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காற்றுத்துளை போட்ட காட்போட் பெட்டியில் பழைய துணி விரித்து அதை வைத்து, மூடி, சத்தமில்லாத இருட்டறையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். திறந்து திறந்து பார்க்கவேண்டாம். உள்ளே கால் பிறாண்டும் சத்தம் கேட்டதும் பெட்டியைச் சருகு மூலைக்குக் கொண்டுபோய்ச் சரித்துத் திறங்கள். அது பறக்காது. தத்தித் தத்திச் சருகுக்குள் போகும், இரண்டு இலையைப் புரட்டும். அன்று மாலை ஆறு மணிபோல் அந்த மூலையில் இருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று வருகிறதா என்று கேட்டுப்பாருங்கள்.